கீழ் வீட்டுக்குக் கேட்காமல்

வலயக் கல்விப் பணிமனையின் படிவம்
வாட்ஸ்அப்பில் வந்தது, சரிவாகப் படமெடுத்தபடி.
இணையவழிக் கற்பித்தலுக்கு உங்கள் ஆயத்தம்:
ஒன்று முதல் ஐந்து வரை.
உங்கள் தன்னம்பிக்கை:
ஒன்று முதல் ஐந்து வரை.
கணிதம், விஞ்ஞானம், சமயம் என்று பாடங்களின் வரிசை.
என் பாடம் 'ஏனையவை'க்குள் கிடந்தது.

நான் ஜெசிந்தா. உடற்கல்வி.
கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் மூன்றாம் தளம்.
சோபாவைச் சுவரோடு தள்ளினால்
ஒருத்தி துள்ளுவதற்கு இடம் வரும்,
கை மின்விசிறியில் படாதவரை.
போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்தேன்.
அரிசி குறைந்த கிழமை அது. டின் சரிந்து
தரம் எட்டு முழுவதும்
என் வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் விசில் ஊதினேன்.
பத்தொன்பது வருஷம் மைதானத்தின் அந்தக் கரை வரை போன விசில்.
"ரீச்சர், கன்னம் உப்புது, ஒன்னும் கேக்குதில்ல."
மகன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:
இது பேச்சை மட்டும்தான் கடத்தும், மற்றதெல்லாம் இதுக்கு இரைச்சல்.
இரைச்சல்.
கதிரை இழுபடுவது, நாய் குரைப்பது,
நான்.

முப்பத்தெட்டுப் பேரில் பதினேழு கறுப்புச் சதுரம்.
துள்ளிவிட்டு, கழுத்தில் இரண்டு விரல் வைத்து
நாடியை எண்ணி எழுதச் சொன்னேன்.
நிலோஜினி நூற்று நாற்பத்திரண்டு.
பர்ஹான் நூற்று முப்பத்தெட்டு.
டெரன்ஸ் எழுபத்திரண்டு.
எழுபத்திரண்டு! அது கட்டிலில் கிடக்கிற நாடி, மகனே.
சாருகாவின் நாடி வரவேயில்லை,
பத்து மணிக்குப் போன் அக்காவுக்கு.

கிராண்ட்பாஸ் ஷிஹாமிடம் டேட்டா இல்லை.
இரவு ஒன்பதரைக்குக் குரல் அனுப்பினான்,
நடுநடுவே மூச்சு வாங்கி:
"ரீச்சர், லிஃப்ட் பழுது. ஏழு மாடி.
தண்ணிக் கேன் நாலு தரம் ஏத்தினேன்.
இது பி.டி.யில சேருமா?"
இடாப்பைத் திறந்து வரவு போட்டேன்.

மூன்றாம் கிழமை, கீழ் வீட்டுப் பியதிலக
தும்புத்தடியால் தன் முகட்டை, என் தரையை,
மூன்று முறை இடித்தார்.
துறைமுகத்தில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம்.
பிறகு கதவடிக்கு வந்து
சிங்களத்தில் கேட்டார், கோபமே இல்லாமல்:
"மிஸ், யானை வளர்க்கிறீங்களா?"

வலைப்பந்துக் கோட்டருகே நின்று
எத்தனை வருஷம் கத்தியிருப்பேன்,
முன்பாதம் முதலில், பிறகு குதி, முழங்காலை மடி என்று!
புல் எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.
அதனால் ஒருத்தியும் காதில் போட்டுக்கொண்டதில்லை.
நானும்தான், பாருங்கள்.

அடுத்த வகுப்பில் ஒரே பாடம்:
துள்ளுங்க. கீழ் வீட்டுக்குக் கேக்கக்கூடாது.
கீழ் வீடு இல்லாதவர்களுக்கும் யாரோ இருந்தார்கள்:
பக்கத்துப் பாயில் தூங்குகிற தங்கச்சி,
சுவருக்கு அந்தப் பக்கம்
வேலை போன அப்பா.
அந்த இரைச்சல் வடிகட்டியை நிறுத்துவது எப்படியென்று
மகனிடம் கேட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தேன்.
எல்லாரும் மைக்கைத் திறங்க.

முதல் தரம்
ஒரு சந்தையே இடிந்து விழுந்தது.
ஒன்பதாம் தரம்
தெருவில் ஒரு ஓட்டோ ஹோர்ன், யாருடையவோ குக்கர்,
பிறகு மூச்சு. அத்தனை பேருடைய மூச்சு.
காலொன்றும் கேட்கவில்லை.
டெரன்ஸ் கமராவைப் போட்டான்,
முகத்துக்கு அல்ல.
பூப்போட்ட பாயொன்றில்
வேர்த்த இரண்டு பாதம்.

படிவத்துக்கு இன்று கடைசி நாள்.
ஆயத்தம்: இரண்டு. வேறென்ன எழுத!
தன்னம்பிக்கை:
பேனையைப் பிடித்தபடி இருக்கிறேன்.
நேரம் பதினொன்றே கால். இன்றைய துள்ளல் முடிந்துவிட்டது.
கீழே பியதிலக குறட்டை விடுவது
உள்ளங்காலில் கேட்கிறது.