பால் வண்டி பிந்தும்

ஒரு நாள் விட்டு ஒரு நாள்
அந்தப் பண்ணைக்குப் போவேன்.
குழாயை மாட்டுவேன், பால் ஏறும்,
மானியில் ஓடும் எண்ணை எழுதிக்கொள்வேன்.
எட்டு வருடத்தில் நானும் தௌனோவும் பேசியதையெல்லாம்
ஒரு தபால் அட்டையில் அடக்கிவிடலாம்.
கைனு பக்கம் அது குறையில்லை.
மாடுகள் கத்தும்,
மனிதர்கள் தலையசைப்பார்கள்.

நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
தொழுவத்தில் எந்நேரமும் கரகரக்கும் வானொலி
வாயடைத்துக் கிடந்தது.
சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் குரைக்கும் நாயைக் காணோம்.
"ரில்லா எங்கே?"
"குடுத்துட்டேன். ஹெய்னோ வீட்ல
பிள்ளைங்க இருக்கு. நல்லா பாத்துக்கும்."
சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை,
ஓடும் எண்களைப் பார்த்தான்.

வளர்த்த நாயைத் தூக்கிக் கொடுக்கிறவன்
எங்கே புறப்படுகிறான்?

கேட்கக் கூடாது என்றுதான் வளர்ந்தோம்.
கேட்டால் நினைப்பு வந்துவிடுமாம்,
நினைப்பு என்னவோ சளி மாதிரி
வாய் வழியே தொற்றும் என்பது போல.
என் அண்ணன் ஆர்வோவிடம் நான் கேட்கவில்லை.
கேட்காத அந்த ஒரு வாக்கியத்தைப்
பதினோரு வருடமாய்ப்
பால் தொட்டியோடு சேர்த்து இழுத்துப் போகிறேன்.

கையுறையைக் கழற்றினேன்.
கையுறையோடு கேட்கிற கேள்வியாய் அது படவில்லை.
"தௌனோ, சாகணும்னு நினைக்கிறியா?"

குளிர்விக்கும் இயந்திரம் ஒருமுறை நின்று
மறுபடி ஓடத் தொடங்கியது.
"ஆமா," என்றான்,
வானிலை கேட்டவளுக்குச் சொல்வது போல.

அதற்குமேல் என்ன பேசுவதென்று
யாரும் சொல்லித்தந்ததில்லை.
வாழ்க்கை அழகு என்று சொல்ல வாய் வரவில்லை.
அந்த இருட்டில், அந்தச் சாணி வாடையில்,
அது பொய்யாய் நாறியிருக்கும்.
"எத்தனை நாளா?"
"புல்லு அறுத்ததுலேருந்து."
புல் அறுத்தது ஜூலையில்.
அத்தனை முறை வந்திருக்கிறேன், அத்தனை எண்கள் எழுதியிருக்கிறேன்.
ஒன்றையும் படிக்கவில்லை.

அடுத்த பண்ணைக்கு ஃபோன் போட்டேன்.
பால் வண்டி பிந்தும்.
எவ்வளவு நேரம்?
தெரியாது.
இந்த வேலைக்கு வந்ததிலிருந்து
நான் சொன்ன முதல் தெரியாது.

கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்தோம்.
பேசினான். கடன். வங்கிக் கடிதம்.
மூன்று மணிக்கு விழித்தால் ஒன்பதுக்குத்தான் விடியும்,
நடுவே ஆறு மணி நேரம்
அவன் தலைக்குள் அவன் மட்டும்.
நான் எதையும் சரிசெய்யவில்லை.
ம் என்றேன். பிறகும் ம்.

வேட்டைத் துப்பாக்கி அலமாரியின் சாவியைக் கேட்டேன்.
வளையத்திலிருந்து கழற்ற
அவன் விரல்கள் ஒத்துழைக்கவில்லை.
நான் பிடித்துக்கொண்டேன், அவன் திருகினான்.
சின்னச் சாவி. தபால் பெட்டிக்கு இருக்குமே, அந்த அளவு.
அவசர எண்ணை நான் அழுத்தினேன்,
பேசியது அவன்.
காயானியிலிருந்து அவன் தங்கை கெர்த்து வரும்வரை
மாடுகளுக்குத் தீனி போட்டேன்,
பாதி தப்பு என்று மாடுகளே சொல்லின.

பிறகு எல்லாம் சுகம் என்று எழுத ஆசைதான்.
ஜனவரியில் மறுபடி மருத்துவமனை.
மாத்திரையை மாற்றினார்கள்.
பிப்ரவரியில் என்மேல் எரிந்து விழுந்தான்:
"சாவியைக் குடு. நரி வருது."
"உங்கிட்ட கோழியே இல்லையே."
சிரித்தானா, இருமினானா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது மே. பாதையெல்லாம் சேறு.
சனிக்கிழமைகளில் ஹெய்னோவின் பிள்ளைகள்
நாயைக் கூட்டி வருகிறார்கள்.
அது யாருடைய நாய் என்று
இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.
சாவி என் வளையத்தில்தான்,
ஒவ்வொரு திருப்பத்திலும்
மற்ற சாவிகளோடு இடித்துக்கொண்டு.

நேற்று வானொலி ஓடியது. படுமோசமான பாட்டு.
குழாயைக் கழற்றிக்கொண்டே
"நாளைக்கழிச்சு வர்றேன்," என்றேன்.
ஓடும் எண்களிலிருந்து கண்ணெடுத்து
"பிந்தாதே," என்றான்.