பல்லி விழுந்த பலன்

மேலூர்க் குவாரி, மூன்றாம் பெஞ்சு.
ராத்திரி எப்போதோ பம்பு நின்றிருக்கிறது;
விடிகையில் ஏணியின் ஐந்து படி தண்ணீருக்குள்.

மெயினை இறக்கிப் பூட்டி
சாவியைச் சட்டைப்பையில் போட்டபின்
ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன்.
இரண்டு பேஸுக்கு நடுவில்
கரிந்து ஒட்டிய பல்லி.
வால் மட்டும் இன்னும் பழைய நிறம்.

“ஸ்டார்ட்டர்ல விழுந்தா என்ன பலன்ணே?”
கம்ப்ரசர் சேவுகன் சிரித்தான்.

பலன் எனக்குத் தெரியும்.
கேபிள் நுழைகிற ஓட்டைக்கு கிளாண்டு கேட்டு
ஏழு மாதம்.
அதுவரைக்கும் என்று பனியன் துணியைத் திணித்தவன் நான்;
வாராவாரம் பதிவேட்டில் ‘சரி’ எழுதியவனும்.

மெக்கரைச் சுற்றினேன்.
முள் எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது.

இன்றைய வரியில்
‘ஓட்டை திறந்தே இருக்கிறது’ என்றெழுதிக்
கையெழுத்து வைத்தேன்.
பேனா முனையில் கல்தூசி நறநறத்தது.