கோடிய கோடு

லண்டனில் யாரோ மைக்கூட்டைத் திறந்து
நூற்று நாற்பத்தொன்று என்றார்.
மலை இல்லை, ஆறு இல்லை,
வெறும் பாகை.
அப்படித்தான் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக்
கிழக்கு கிடைத்தது.

அதை நட வந்தவர்களுக்கு
மாலிக் காட்டில் தண்ணீர் தீர்ந்தது.
குதிரைகள் மணலில் மடங்கின.
அதே மாலியின் வேரை வெட்டி
நீர் வடித்துக் குடித்தபடி
ங்கார்கட் மக்கள் பக்கத்திலேயே
நடந்து போயிருக்கலாம்.

கடிகாரம் பிசகியது பத்து விநாடிக்குள்தான்.
மண்ணில் அது மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல்.
நேராகத்தான் இழுத்தார்கள்;
நேராகவே கோடிற்று.
எழுபது ஆண்டு போல் கழித்துச் சீமையிலிருந்து தீர்ப்பு வந்தது:
விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

அந்தப் பிழைக்குள் இருக்கிறது
வில்மா நோஸ்கேயின் வீடு.
கோதுமை விளைகிறது, வரி விக்டோரியாவுக்கு.
வேலிக்கு அந்தப் பக்கம்
காலமே அரைமணி பின்தங்கி ஓடும்.
ஆட்டுப்பட்டி அங்கே. புருஷனும் அங்கே.

"ஏழாச்சு, கிளைவ்!"

"இங்கே இப்போதான் ஆறரை!"

அவள் பதில் சொல்வதில்லை.
தட்டை மூடி வைக்கிறாள்.
கறி
விக்டோரியா நேரப்படி
ஆறிக்கொண்டிருக்கிறது.