கதவு ஒன்று குறைவு, மேசை ஒன்று மிகை

வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில்
இந்த முறை கிரான்குளத்து இல்லம் எனக்கு விழுந்தது.
கல்முனை பஸ்ஸில் போய் இறங்கினேன்.
கையில் பதிவேட்டுப் பிரதி, சிவப்புப் பேனை, நீலப் பேனை.
பிள்ளைகள் பதினேழு பேர்.
அவர்கள் என் பட்டியலில் இல்லை.

கட்டில் பதினெட்டு. சரி.
பீங்கான் இருபத்துநாலு இருக்கவேண்டும், பத்தொன்பது.
"மிச்சம் சுவருக்குப் போச்சுது" என்றா
மேற்றன் பெலிசிற்றா, வெட்கப்படாமல்.
மெத்தை போன வருடம் ஆறு, இந்த வருடம் ஒன்பது.
ஏன் என்று கணக்காய்வு கேட்டிருந்தது.
இரவில் நனைகிறது என்று எழுத
நிதிப் பிரமாணத்தில் இடமில்லை.
"பாவனைத் தேய்மானம்" என்று எழுதினேன்.
பாவனைதான். தேய்மானம்தான்.

கதவு பதினொன்று. எண்ணினால் பத்து.
திரும்ப எண்ணினேன்.
ஒரு பையன் பின்னால் வந்து
சத்தமில்லாமல் விரலால் எண்ணினான்.
அவனுக்கும் பத்துத்தான்.

மேற்றன் குரலைத் தாழ்த்தினா:
"பூட்டின அறைக்குள்ள இருந்து எடுத்த புள்ள.
கதவு சாத்துப்பட்டா மூச்சு நிண்டுரும்.
வந்த மூண்டாம் நாள் நாங்களே கழட்டிட்டம்."

கழற்றிய கதவு வேம்பின் கீழே
நாலு கல்லின்மேல் படுத்திருக்கிறது.
அதில்தான் எல்லாரும் படம் கீறுகிறார்கள்.
பிணைச்சல் பள்ளத்தில் கலர்க்கட்டிகள்,
பூட்டு இருந்த ஓட்டையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்.
ஆகவே, கதவு ஒன்று குறைவு. மேசை ஒன்று மிகை.
குறைவுக்கொரு விளக்கம், மிகைக்கொரு விளக்கம்,
இரண்டும் மூன்று பிரதிகளில்.

உளவளத்துணையாளர்: அங்கீகரித்த பதவி ஒன்று, வெற்றிடம் ஒன்று.
பிள்ளைக்கு நாளொன்றுக்கென்று வருகிற காசில்
ஆரையம்பதியில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கேலாது.
அதற்குள்தான் மூன்று நேரச் சாப்பாடு, சவர்க்காரம், மருந்து,
இரவு இரண்டு மணிக்குக் கத்துகிறவனுக்குப் பக்கத்தில்
விடியுமட்டும் இருக்கிற ஆளின் மேலதிக நேரக் கொடுப்பனவு.
அந்தக் கூட்டில் ஒரு கோடு கீறியிருந்தது.
அந்த ஆள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா.

எங்கள் கந்தோர் வாசலுக்கு வைகாசியில்
கண்ணாடிக் கதவு போட்டார்கள். கிட்டப் போனால் தானாய்த் திறக்கும்.
அந்த வவுச்சரை எழுதினதும் நான்தான்.
ஏனோ பையனிடம் அதைச் சொன்னேன்.
லிதுசன் நெடுநேரம் யோசித்தான்.
"கரண்ட் நிண்டா?"
தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது.
"அப்ப அதையும் கழட்டுங்க" என்றான்.
படத்துக்குக் கிறுகிக்கொண்டவன் தலை நிமிராமலே கேட்டான்:
"மறுகா எண்ண வருவீங்களா?"

காத்தான்குடி தாண்டக் கணக்காளர் அழைத்தார்.
எல்லாம் சரியா?
ஒரு கதவு, சேர்.
காணாமற்போன கதவின் பெறுமதியை
யாரிடம் அறவிடுவது, பெயரைக் குறித்தீரா?
கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது.
வாவிக் காற்று, சேர், ஒண்டும் கேக்கேல்ல என்றேன்.
யன்னல் சாத்தியிருந்தது.
எழும்பி, அதைத் திறந்துவிட்டேன்.