இரவல் பதிவேடு

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள்
நூலகத்தில் கூட்டம்.
பதினாறு வருடத்தில் இப்படியொரு கூட்டத்தை
நான் பார்த்ததில்லை.
புத்தகம் கேட்டு ஒருவரும் வரவில்லை.

நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
நாலாவுக்கு முதுகு காட்டி நிற்கும் தகரக்கூரை அறை,
இரண்டு இரும்பு பீரோ,
கிறீச்சிடும் மின்விசிறி ஒன்று.
நிஜாமுதீனுக்குப் போகும் வண்டி கடக்கும்போதெல்லாம்
அட்டை கிழிந்த புத்தகங்கள்
ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொள்ளும்.
காலையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு
மாலை ஐந்துக்கு நான்தான் பூட்டைத் திறப்பேன்.

குறிப்பிட்ட வருடத்துக்கு முன்பே
இங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம்.
இருந்தால் டெல்லியின் வடகோடியில் ஒரு ஃபிளாட்.
இல்லாவிட்டால்
புல்டோசர் மட்டும்.

ரேஷன் கார்டைச் சாக்கடை வெள்ளத்துக்குக் கொடுத்தவர்கள்,
கரண்ட் பில் பக்கத்து வீட்டான் பேரில் வருபவர்கள்,
"அக்கா, நான் எடுத்த புத்தகத்தை
எழுதி வச்சிருப்பீங்களே" என்று வந்து நின்றார்கள்.

எழுதித்தான் வைத்திருந்தேன்.
ஜுக்கி எண், பெயர், தேதி, கையெழுத்து.
ஒரு நாள் பிந்தினாலும் ஐம்பது பைசா.
கறார்க்காரி என்று முதுகுக்குப் பின்னால்
எனக்கொரு பெயர் உண்டு.

தனக்கோடி, வயரிங் வேலைப் புத்தகம்,
பதினொன்றாம் வருடம், ஜூன்.
எலக்ட்ரீஷியன் ஆனார், திருப்பித் தரவில்லை.
இன்று தந்தார்.
கடைசித் தாளில் நான் குத்திய முத்திரை
அப்படியே இருந்தது.
"பதினாலு வருச அபராதம் எவ்வளவு?"
இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் என்றேன்.
இருநூறை மேசையில் வைத்து
முதல் தவணை என்றார்.

ஜெபக்கனி, பேறுகாலக் கையேடு.
வாங்கிய தேதிக்கும் திருப்பிய தேதிக்கும் நடுவில்
அவள் மகன் பிறந்திருந்தான்.
பன்னிரண்டு வயசுக்காரன் கூடவே வந்து
தான் இல்லாத நாளை எட்டிப் பார்த்தான்.

முருகேசன்கள் மூன்று பேர்.
ஒரே கையெழுத்தை மூவரும்
தன்னுடையது என்றார்கள்.

ஜெராக்ஸ் எடுக்க பதிவேடு
போகல் கடைத்தெருவுக்குப் போனது.
முதன்முதலாக அதுவே இரவலில் போகிறது.
யார் பேரில் எழுதுவது, எதில் எழுதுவது
என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசில் ஒருவர் முத்திரையை மட்டும் பார்த்துத் தலையாட்டினாராம்.
இன்னொருவர் தமிழ் எழுத்தைத்
தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு
இது என்ன, சமையல் குறிப்பா என்றாராம்.

இருட்டிய பிறகு பூங்காவனம் வந்தாள்.

வாசிக்கத் தெரியாது அவளுக்கு.
மே மாதத்தில் மின்விசிறிக்காக வருவாள்.
குளிர்காலத்தில் பச்சைப்பட்டாணி உரித்தபடி
பேப்பரைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாள்,
குத்துவெட்டுச் செய்தியென்றால் இரண்டு தரம்.
எல்லோரையும்விட
அதிக நாள் இந்த அறையில் இருந்தவள் அவள்தான்.
எதையும் எடுத்துப் போகவில்லை,
அதனால் எழுதவில்லை.

"எம்பேரு எங்க இருக்கு, காட்டு."

புரட்டினேன். இல்லையென்று தெரிந்தும்
ஏழு பதிவேட்டையும் புரட்டினேன்.
பதிமூன்றாம் வருடம் நவம்பரில்
பக்கத்தின் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது.
என்றைக்கோ கை தவறியிருக்கும்.

நாள் தப்பி ஒரு தேதி போட்டதில்லை நான்.
ஆனால் அந்த நவம்பரில் இவள் இங்கே இருந்தாள்.
பட்டாணித் தோல் பெருக்கியது என் கை.
பொய் என்றால்
புத்தகம் மட்டும்தான் பொய்.

பேனாவைத் திறந்தேன்.
மை சேரவில்லை.
பழைய நீலம் வெளுத்துக் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது,
என்னுடையது பளீரென்று புதுசு.
அந்த மாதிரிப் பேனா எங்காவது கிடைக்குமா,
நாளை விசாரிக்க வேண்டும்.

"என்ன புத்தகம்னு போடட்டும்?" என்றேன்.

பீரோவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.
"படம் போட்டதா ஒண்ணு எழுது" என்றாள்.