நூற்றுப் பத்து கிராம்

மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது அக்டோபரில்.
மூன்றாம் வாரம் வண்டி நொண்டியது,
பாலத்து மேட்டில் ஏற மாட்டேன் என்றது.
ரேசெக்னேயில் பட்டறைக்காரன் கணினியைச் சொருகிப் பார்த்து
"குட்டி ஓட்டம், அம்மணி" என்றான்.
"நீங்கள் இதை எங்கும் கொண்டுபோவதே இல்லை."

உண்மைதான்.
கத்தரி, சீப்பு, மடக்குத் தொட்டி, தலையில் கவிழ்க்கும் உலர்த்தி
எல்லாம் பின்னிருக்கையில்.
படியிறங்க முடியாத பெண்களின் நான்காம் மாடிகள்.
எந்தப் பயணமும் ஆறு நிமிடம் தாண்டாது.
எஞ்சின் சூடேறுமுன் நான் இறங்கிவிடுவேன்.
சூடேறாவிட்டால் கரி எரியாது,
தங்கிவிடும்.

புது வடிகட்டி ஆயிரத்து நூறு யூரோ.
இல்லையென்றால் உள்ளே குடைந்தெடுத்து
வெறுங்கூட்டை மாட்டித் தருகிறேன்,
நூற்றைம்பது போதும், விளக்கு இனி எரியவே எரியாது
என்று குரலைத் தாழ்த்தினான்.
அதுவும் வேண்டாமா, வண்டியைக் கைகழுவிவிடுங்கள்.

கழுவுவதுதான் என் தொழில் என்று
அவனிடம் சொல்லவில்லை.

என் வண்டியின் வால் நிற்பது
தரைத்தளத்து இல்க்வார்ஸின் சன்னலுக்கு நேரே.
சன்னல் விளிம்பில் அவன் மகனுடைய நீல இன்ஹேலர்.
வெறுங்கூட்டைப் பற்றி அவனிடம் பேச்செடுத்தேன்.
ஒன்றும் சொல்லாமல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு
கராஜைத் திறக்கப் போனான்.

சனிக்கிழமை, மைனஸ் நான்கு.
இரண்டு ரப்பர் குழாய்கள், ஒரு சென்சார், ஒரு வளையம்.
மூன்று நட்டுகள் கழன்றன.
நான்காவதை ரஷ்ய மொழியில் திட்டினான்,
பிறகு லாட்கலிய மொழியில்.
எண்ணெய் தெளித்துவிட்டுத் தேநீர் குடித்தோம்.
லாட்விய மொழியில் மரியாதையாகக் கேட்டபோது அசைந்தது.

பனியேரியில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசில்
அதைத் தொங்கவிட்டான்:
ஆறு கிலோ நானூற்று முப்பது.
சுவரில் கரித்துண்டால் எழுதினான்.

என் குளியல் தொட்டி. முகக்கவசம். கையுறை.
புகை வெளியேறும் வாயிலிருந்து உள்நோக்கி
தலை அலசும் அதே குழாயைப் பிடித்தேன்.
முதலில் மை.
பிறகு பழைய காபி.
பிறகு சாம்பல், ஈரமாக, கனமாக, விடாமல்.
கரியாவது ஒருநாள் எரிந்துபோகும் என்றான் இல்க்வார்ஸ்,
சாம்பலுக்கு எரிய இனி என்ன இருக்கிறது.
எல்லாவற்றையும் வாளிகளில் பிடித்தோம்.
சாக்கடைக்கு ஒரு துளியும் விடவில்லை.
தண்ணீர் தெளியும்வரை என்பது கைக்குத் தெரியும்.
சாயம் பூசிய எத்தனை தலைகள்!
ஆனாலும் டார்ச்சை ஒருபக்கம் வைத்து
மறுபக்கம் கண் வைத்தபோது
உள்ளே இருட்டு.
இரண்டு மணி நேரம் வீண் என்று
விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வராது" என்றான். "புதிதிலும் வராது.
ஒவ்வொரு அறைக்கும் ஒரு முனை அடைப்பு.
புகை சுவரைத் துளைத்துத்தான் போகணும்."
அவனுக்கே அது வியப்பாக இருந்ததுபோல
மறுபடி குனிந்து பார்த்தான்.

ஞாயிறு முழுக்க என் உலர்த்தியின் கீழ்
நாற்காலியில் அமர்ந்திருந்தது அது,
பேசத் தெரியாத வாடிக்கையாளர்.
திங்கள் காலை மறுபடி தராசு:
ஆறு கிலோ முந்நூற்று இருபது.

நூற்றுப் பத்து கிராம்.
ஒரு வெண்ணெய்க் கட்டியில் பாதிதான்.
பனியேரி மீனானால் திருப்பி விட்டிருப்பேன் என்றான்.
வாளிகளை மூடி, அபாயக் கழிவு என்று எழுதி
வியாழனுக்காக ஓரமாக வைத்தோம்.

மாட்டியாயிற்று.
இனி நாற்பது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டணும், வேகமாக,
எங்கேயாவது.
எங்கேயாவது என்றால் எங்கே?
மேற்கே திருப்பினேன்.
பிர்ச் மரங்கள், விறகு லாரி, ஒரு கொக்குக் கூடு காலியாக.
யாருடைய முடியும் காத்திருக்கவில்லை.

விளக்கு எப்போது அணைந்தது என்று பார்க்கவில்லை,
கைபேசி அடித்துக்கொண்டிருந்தது.
சாலையோரம் நிறுத்தி எடுத்தேன்.
நான்காம் மாடி ஸ்கைட்ரீதே. செவ்வாய்க்கிழமை வருவேனா?
வருவேன். இப்போது கொஞ்சம் தூரத்தில் இருக்கிறேன்.

"தூரமா? நீயா? எங்கே?"

யெகாப்பில்ஸ் போகிற வழி.

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

யாருமில்லை என்றேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சூடாக.