முட்டிக்குக் காது கிடையாது

குறும்பனைத் திருவிழா, எட்டாம் நாள் இரவு,
என் முறை வந்தது, போனது.
பதினாறு பார் சோலோ.
நான் வாசித்ததை நான் பார்த்தேன், அவ்வளவுதான்.
விரல் ஓடியது, கம்பி அதிர்ந்தது,
சத்தம் மட்டும் வரவில்லை.
பின்னால் ஜெனிஸ்டன் டிரம்ஸில்
பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கும் பின்னால் கடல்;
அதன் வால்யூம் குமிழ் யார் கையில் என்று
திருவிழாக் கமிட்டிக்கே தெரியாது.

இறங்கியதும் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் சொன்னார்:
"நல்லா ஆடினிய, மோளே."

ஆம்ப்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்திருக்கலாம்தான்.
மைக்செட்காரரிடம் இருந்தது மூன்று.
இரண்டு பாடகிகளுக்கு,
ஒன்று சாமியாருக்கு. அவர் வரவேயில்லை.
மைக் அவருக்காக நின்றுகொண்டிருந்தது.

தக்கலை மின்வாரிய அலுவலகத்தில்
வாட்ஸ் என் அன்றாடச் சோறு.
யார் வீட்டு மோட்டார் எவ்வளவு இழுக்கும்,
எந்தக் கல்யாண மண்டபம் எவ்வளவு மறைக்கும்,
பேரேட்டைப் பார்க்காமல் சொல்வேன்.
காதோ வேறு மாதிரிக் கணக்குப்பிள்ளை.
வாட்ஸை இரட்டிப்பாக்கிக் கொடுத்தால்
"ஏதோ கொஞ்சம் கூடியிருக்கு" என்று முனகும்.
பத்து மடங்கு கொட்டினால்தான்
இரண்டு என்று வரவு வைக்கும்.
என்னிடம் இருந்தது பதினைந்து.
படுக்கையறைக்கு வாங்கியது.
அங்கே அது சிங்கம்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு.
நாகர்கோவிலில், செட்டிகுளம் தாண்டி, தாணுலிங்கம் கடை.
"நூறு வாட்ஸ் டிரான்சிஸ்டர், கல்லு மாதிரி.
கட்டுமரத்துலேருந்து விழுந்தாலும் பாடும்."
"முப்பது வாட்ஸ் வால்வு, இது அந்த நூறை முழுங்கும்.
கனம் மட்டும் பாத்துக்கிடுங்க."
கடைக்குள் எல்லா ஆம்ப்பும் நன்றாகத்தான் கேட்டது.
கடைக்குள் கடல் இல்லையே.
அதனால்தான் ஜெனிஸ்டனைக் கூட்டிவந்திருந்தேன்.
விற்பனைக்கு வைத்திருந்த டிரம்ஸில் உட்காரவைத்து,
"குறும்பனையில் அடிச்ச மாதிரி அடிடே" என்றேன்.
தாணுலிங்கம் ஷட்டரைப் பாதி இறக்கினார்.
எதிர் மருந்துக்கடையிலிருந்து ஆள் வந்து பார்த்தது.

வால்வு, ஆறாம் எண்ணில் கரகரத்தது.
அழகான கரகரப்பு, பொய் சொல்லக்கூடாது.
ஆனால் பாதி இரவு நாங்கள் வாசிப்பது
நற்கருணைப் பாட்டு, மெதுவான கார்டுகள்.
அங்கே தொண்டை கட்டக்கூடாது.
நூறு, சுத்தமாக வந்தது,
வெள்ளையடித்த சுவர் மாதிரி.

மூலையில் ஒன்று, பழையது, ஐம்பது வாட்ஸ்,
பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்,
முதுகில் ஆணியால் கீறிய பெயர்: ராயப்பன்.
எந்த ராயப்பன் என்று கேட்டேன்.
"கடனை அடைக்காத ராயப்பன்" என்றார்.
சொருகினேன். சுமார்தான்.
ஜெனிஸ்டன் அடியை நிறுத்தாமல் கத்தினான்:
"அதைத் தூக்கி நாற்காலியில வைட்டி!"
வைத்தேன், கொஞ்சம் மலர்த்தி.
ஒற்றைக் கம்பி, விரலால், மெல்ல.
டிரம்ஸுக்கு நடுவே அது என் முகத்துக்கு நேரே வந்தது.

ஐந்து வருஷமாகத் தரையில் வைத்து
என் முட்டிக்கு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
முட்டிக்குக் காது கிடையாது.

வீட்டுக்குப் போய்ப் பழைய பதினைந்தையும்
நாற்காலியில் ஏற்றிப் பார்த்தேன், காசு மிஞ்சுமா என்று.
ஜெனிஸ்டன் தகரத்தைத் தட்டினான், அதற்கே முழுகியது.
செவ்வாய்க்கிழமை ராயப்பன் என்னோடு பஸ் ஏறினான்.
"மீனா?" என்றார் கண்டக்டர்.
"இல்லே."
"பெறவு எதுக்கு இவ்வளவு கனம்?"
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

போன சனி, கருங்கல், கல்யாண வரவேற்பு.
ஜெனரேட்டர் இருமியது, லைட் மங்கியது,
பிரியாணிப் பந்தியில் சண்டை வேறு.
என் பதினாறு பார் வந்தது.
நடுவில் பாடகி ஷெர்லின் என் பக்கம் திரும்பி,
மைக்கை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து,
"கொஞ்சம் கொறைட்டி" என்றாள்.

என்னிடம் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை.
குமிழ் நான்கில் இருந்தது.
மூன்றரைக்குத் திருப்பினேன்,
மெதுவாக, அவள் பார்க்கும்படி.